மகள் ஒயின் படிக்கப் போகிறேன் என்கிறாள்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் சொமலியே ஆக விரும்புகிறாள், அதாவது ஹோட்டலில் ஒயினைத் தேர்ந்தெடுத்துப் பரிமாறும் நிபுணர். இது குடிக்கிற வேலையா, பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா, இவ்வளவு பணம் கட்டிச் சேர்க்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒயின் சுவைப்பது பெரும்பாலும் மூக்கின் வேலை. கோப்பையில் சுமார் 50 மில்லி ஊற்றுவார்கள். நிறம் பார்த்து, இரண்டு மூன்று முறை முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கு முழுவதும் படும்படி புரட்டி, பக்கத்திலுள்ள பாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். விழுங்கிக்கொண்டே போனால் பத்தாவது கோப்பையில் எதுவும் பிடிபடாது. தொழிலில் இருப்பவர்கள் துப்புவது அதனால்தான். துப்பினாலும் கொஞ்சம் உடம்பில் சேரும். பயிற்சி முடிந்ததும் வண்டி ஓட்டக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது குடிநோய் இருந்திருந்தால் அதை மகளிடம் மறைக்காமல் பேசிவிட்டு முடிவெடுங்கள். தினமும் மது புழங்கும் இடம் இது. அந்த ஆபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டில் மது வாங்கச் சட்டப்படி வயது 21. மகளுக்கு அந்த வயது வரும்வரை மூக்கைப் பழக்க ஒயினே தேவையில்லை. மிளகு, கிராம்பு, பட்டை, கொய்யா, நெல்லிக்காய், நறுக்கிய குடைமிளகாய், நனைந்த அட்டைத் துண்டு என்று பத்துச் சின்ன டப்பாக்களில் போட்டு, பெயரை அடியில் ஒட்டிவிடுங்கள். காலையில் காபிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் முகர்ந்து பெயர் சொல்லட்டும். மூன்று வாரத்தில் முன்னேற்றம் தெரியும். நனைந்த அட்டை எதற்கென்றால், கார்க்கிலிருந்து டி.சி.ஏ. என்ற பொருள் ஒயினில் இறங்கிவிட்டால் அந்த வாடைதான் வரும். பாட்டிலைத் திறந்ததும் அதை அடையாளம் கண்டு, விருந்தினர் மேஜைக்குப் போகாமல் தடுப்பது சொமலியேயின் பொறுப்பு. பயிற்சி வகுப்புக்குத் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு போகக் கூடாது, சென்ட்டும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒயினின் வாசனை மறைந்துவிடும்.

தமிழ் வீட்டில் வளர்ந்த நாக்குக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. டானின் என்பதைப் புதிதாகப் படிக்கிற பலர் கசப்போடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நாவல்பழம் தின்றதும் வாய் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பைத் தரும் பொருள்தான் டானின். அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாகவே நாம் எண்ணி வைத்திருக்கிறோம். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் வரும் மிளகு வாசனைக்கும் நம் அஞ்சறைப் பெட்டி மிளகின் வாசனைக்கும் காரணம் ஒரே பொருள், ரோட்டண்டோன். கம்பத்துப் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹேம்பர்க் என்ற ரகம். அதைப் பிழியாமல் அப்படியே முகர்ந்து பழகினால், உலகத்தின் எந்த மஸ்கட் ஒயினும் அவளுக்குப் பழகிய வாசனையாக இருக்கும்.

இனி படிப்பு. லண்டனில் 1969இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி அமைப்பின் சான்றிதழைப் பல ஹோட்டல்களும் இறக்குமதி நிறுவனங்களும் கேட்கின்றன. லெவல் 1 ஒரே நாள் வகுப்பு. லெவல் 2 தேர்வில் 50 கொள்குறி வினாக்கள், ஒரு மணி நேரம், தேர்ச்சிக்கு 55 சதவீதம். ஒழுங்காகப் படித்தால் கடினமில்லை. பணமும் மனமும் உடைகிற இடம் லெவல் 3. அதில் விரிவான விடை எழுத வேண்டும், இரண்டு ஒயின்களைப் பெயர் தெரியாமல் சுவைத்து 30 நிமிடத்தில் விவரிக்கவும் வேண்டும். என்ன ஒயின் என்று கண்டுபிடிப்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. அமிலம், துவர்ப்பு, வாசனை, தரம் இவற்றைச் சரியாக எழுதுவதற்குத்தான் மதிப்பெண். ஆனால் மாணவர்கள் பெயரை ஊகிப்பதிலேயே நேரத்தைத் தொலைக்கிறார்கள். எழுத்துத் தேர்விலும் இதே கதை: "அமிலம் அதிகம்" என்று எழுதிவிட்டுக் காரணத்தை விட்டுவிடுவார்கள். இரவு குளிர்ந்தால் திராட்சை தன் அமிலத்தைக் குறைவாகச் செலவழிக்கும். உயரமான இடத்தில் இரவு குளிரும். பெங்களூரு அருகே நந்தி மலைப் பகுதியில் திராட்சைத் தோட்டம் போட்டதற்கு உயரம் ஒரு காரணம் என்றால் அது இதனால்தான். இப்படிக் காரணத்தோடு எழுதப் பழகவில்லையென்றால் கட்டிய பணம் வீண்.

பணத்தைப் பற்றி என் கருத்து இதுதான்: பட்டப்படிப்பை முடிக்காமல் லெவல் 3 வேண்டாம். வெளிநாட்டு டிப்ளமா பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். சேர்வதற்கு முன் அந்தப் பயிற்சி மையம் டபிள்யூ.எஸ்.இ.டி. இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கட்டணத்தில் தேர்வுக் கட்டணமும் ஒயின் மாதிரிகளும் அடங்குமா, எத்தனை மாதிரிகள், தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வேலைச் சந்தையையும் உள்ளபடி சொல்கிறேன். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால், நட்சத்திர ஹோட்டல்களை விட்டால் வாய்ப்பு குறைவு. பெங்களூரு, மும்பை, நாசிக், வளைகுடா நாடுகள், பயணிகள் கப்பல்கள் என்று வெளியே போகத் தயாராக இருக்க வேண்டும். மார்க்கெட்டிங் பக்கம் போனால், தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி கலால் வரி, தனி லேபிள் பதிவு. அதனால் இங்கே ஒயின் மார்க்கெட்டிங் என்பது சுவைப்பு நிகழ்ச்சி நடத்துவது, ஹோட்டல் ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பது, கலால் காகிதங்களைத் தவறில்லாமல் வைத்திருப்பது. உலக அளவில் ஒயின் குடிப்பது குறைந்துகொண்டே வருகிறது. 2024இல் 1961க்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவுக்கு இறங்கிவிட்டது. இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியாவோடு செய்த ஒப்பந்தத்தால் 2022 டிசம்பர் முதல், குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட அந்நாட்டு ஒயினுக்கு 150 சதவீத இறக்குமதி வரி படிப்படியாகக் குறைகிறது. அதனால் மகள் ஒயினை மட்டும் நம்ப வேண்டாம். பழகிய மூக்குக்குக் குன்னூர் தேயிலை ஏலத்திலும் மதிப்பு உண்டு, பெங்களூரு காபி வாரியம் நடத்தும் காபித் தர மேலாண்மைப் படிப்பிலும் உண்டு.

பெண் பிள்ளை என்ற கவலைக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். இத்துறையின் மிக உயர்ந்த தகுதிகளில் ஒன்றான மாஸ்டர் ஆஃப் ஒயின் பட்டத்தை இந்தியாவிலேயே முதலில் பெற்றவர் ஒரு பெண், சோனல் ஹாலண்ட், 2016இல். ஆனால் உணவகப் பணி முடிய நள்ளிரவாகும். வேலைக்குச் சேரும் முன் வீடுவரை வாகனம் உண்டா, தங்குமிடம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யலாம். ஐரோப்பாவில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில். நம் நாட்டில் ஒயின் ஆலைகள் நிறைந்த நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை. அங்கே கொடி குளிர்கால உறக்கத்துக்குப் போகாது. ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, ஒருமுறைதான் காய் எடுக்கிறார்கள். அறுவடை நேரத்தில் ஒயின் ஆலைகளுக்குக் கூடுதல் கை தேவைப்படும். கல்லூரிப் பயிற்சிக் காலத்தை அந்த மாதங்களில் அமைத்துக்கொள்ள முடியுமா என்று மகள் துறைத் தலைவரிடம் கேட்கட்டும். பெட்டி பெட்டியாக வரும் திராட்சையைப் பொறுக்குவது, டேங்க் கழுவுவது, சாற்றின் சர்க்கரையைப் பிரிக்ஸ் அளவில் (100 கிராம் சாற்றில் ஏறத்தாழ எத்தனை கிராம் சர்க்கரை என்ற கணக்கு) அளந்து குறிப்பது, இதுதான் அங்கே வேலை. 24 பிரிக்ஸ் இருந்தால் முடிவில் ஏறத்தாழ 13 முதல் 14 சதவீத ஆல்கஹால் வரும் என்பதெல்லாம் அங்கே கையால் தெரிந்துவிடும். நொதிக்கும் டேங்க்கில் கரியமில வாயு தேங்கி நிற்கும். மேற்பார்வையாளர் இல்லாமல் தலையை உள்ளே நீட்டவே கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

இரண்டு மாதம் ரப்பர் பூட்ஸ் போட்டுத் தரை கழுவிவிட்டு வந்து, அப்போதும் இதுதான் வேண்டும் என்று மகள் சொன்னால், லெவல் 2 கட்டணத்தைத் தயங்காமல் கட்டுங்கள்.