காரில் பழைய 155/80 ஆர்13 டயருக்குப் பதில் கடையில் மாட்டிவிட்ட 165/80 உரசுகிறது, 175/70 போடலாமா?

ரிம் (டயர் மாட்டும் உலோக வளையம்) அகலம் 4½ அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் 175/70 ஆர்13 தாராளமாகப் போடலாம். (175 என்பது டயர் அகலம், மி.மீ.-இல்; 70 என்பது பக்கவாட்டு உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று; 13 என்பது ரிம் விட்டம், அங்குலத்தில்.)

உங்கள் பழைய 155/80 ஆர்13-இன் விட்டம் சுமார் 578 மி.மீ., 175/70-க்கு 575. ஸ்பீடோமீட்டரில் வித்தியாசமே தெரியாது. கடையில் மாட்டிவிட்ட 165/80 பெயரில்தான் பக்கத்து சைஸ், விட்டம் 594. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உரசுவது அநேகமாக அதனால்தான்.

வாங்குமுன் ரிம்மைத் துடைத்துப் பாருங்கள், அகலம் பொறித்திருக்கும். வெறும் 4 என்றால் 175 வேண்டாம், 155-ஐயே தேடுங்கள்.

அப்புறம், லோடு இண்டெக்ஸ் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எண்) பழையதைவிடக் குறையக் கூடாது. டயர் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம் தயாரானது. பழைய சைஸ் டயர்கள் கடையில் வருஷக்கணக்கில் தூங்கும், ஏமாறாதீர்கள்.

ஒரே அச்சில் (முன் சக்கரங்கள் இரண்டிலோ, பின் சக்கரங்கள் இரண்டிலோ) இரண்டு சைஸ் கலக்காதீர்கள்.