ஈரோட்டுப் பக்கம் ஆத்தங்கரையில் வீடு: எந்தக் கதவணைக்கு மேலே?

கேள்வி: பெங்களூரிலிருந்து ஈரோட்டுக்குக் குடிவருகிறோம். எனக்கு ஈரோடு நகருக்குள் வேலை, மனைவிக்குப் பெருந்துறை சிப்காட்டில். 12 அடி நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் கயாக்கும் (துடுப்பால் செலுத்தும் சிறு படகு), காற்றடைக்கும் கயாக் ஒன்றும் வைத்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது விடியற்காலை ஆற்றில் இறங்க வேண்டும். இருவரும் ஒரு மணி நேரத்துக்குள் வேலைக்குப் போய்ச் சேர வேண்டும். கருங்கல்பாளையம், பள்ளிபாளையம், பவானி, கொடுமுடி என்று ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். எங்கே வீடு பார்ப்பது?

பதில்: ஊரை அப்புறம் பார்க்கலாம். முதலில் கதவணையை, அதாவது ஆற்றின் குறுக்கே கதவுகள் வைத்துக் கட்டிய தடுப்பணையைப் பாருங்கள். மேட்டூருக்குக் கீழே காவிரி இயல்பாக ஓடும் ஆறாக இல்லை. படிக்கட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் நீர்த்தேக்கங்களின் வரிசை அது. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை, அதற்கும் கீழே சமயசங்கிலி, வெண்டிபாளையம் என்று மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே பல கிலோமீட்டருக்குத் தண்ணீர் அகலமாகத் தேங்கி நிற்கும். துடுப்புப் போட அந்தத் தேங்கிய நீர்தான் இடம். கதவணைக்கு நேர் கீழே பாறையும் திடீர் நீரோட்டமும் இருக்கும். ஒரே ஊரில் ஒரு தெரு மேலேயும் அடுத்த தெரு கீழேயும் விழலாம். அதனால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, “இந்த இடம் எந்தக் கதவணைக்கு மேல இருக்குதுங்க?” என்பதுதான்.

உங்கள் இருவர் வேலையையும் வைத்துப் பார்த்தால் எங்கள் முதல் தேர்வு பவானிக்கு வடக்கே, மேட்டூர் சாலையில் ஊராட்சிக்கோட்டைக் கதவணைக்கு மேல்பக்கம், மேற்குக்கரை. சாயப்பட்டறைகளும் நகரக் கழிவும் நிறைந்த பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளுக்கு மேலே இருப்பதால் தண்ணீர் அங்கே ஓரளவு தெளிவு. ஈரோடு ஏறக்குறைய 20 கி.மீ. பெருந்துறைக்குப் போகிறவர் பவானியைத் தாண்டி லட்சுமி நகரில் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். சிக்கல் ஒன்றே ஒன்று: எந்தப் பக்கம் போனாலும் பவானி ஊருக்குள் புகுந்து, அந்தியூர் பிரிவைக் கடந்து, பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் அந்த 3 கி.மீ. உங்கள் ஒரு மணி நேரத்தில் கணிசமாகத் தின்றுவிடும். காலை 8 மணிக்குள் பவானியைத் தாண்ட முடிகிற வேலை நேரம் என்றால் கவலையில்லை.

கருங்கல்பாளையம் வேலைக்குப் போக மிக வசதி. ரயில் நிலையம், பேருந்து நிலையம், கடைத்தெரு எல்லாம் பக்கம். வெண்டிபாளையம் கதவணை கீழே இருப்பதால் தண்ணீரும் நிற்கிறது. ஆனால் நிற்கிற தண்ணீரில் நகரச் சாக்கடையும் சேர்ந்து நிற்கிறது, கோடையில் ஆகாயத்தாமரை கரையோரம் பாய் விரித்தாற்போல் மூடிக்கொள்ளும். கயாக் அதில் மாட்டினால் துடுப்பு கீழே இறங்காது; தண்டுகள் பின்னிக்கொண்டு படகு திரும்பவும் மறுக்கும். வியாழக்கிழமை மாட்டுச் சந்தை நாளில் சோதனைச்சாவடிப் பக்கம் வண்டி நகராது என்பதையும் கணக்கில் வையுங்கள். பள்ளிபாளையத்துக்கும் இதே தண்ணீர்தான், கூடவே தினமும் பாலம் ஏறி இறங்கும் வேலை. வேலை ஒரு கரையில், வீடு மறு கரையில் என்றால் ஆற்றைக் கடக்கப் பாலத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். அதில் ஒரு லாரி பழுதாகி நின்றால் அன்றைய நாள் போச்சு. உங்கள் இருவர் வேலையும் மேற்குக்கரையில். கிழக்குக்கரை வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். குமாரபாளையம் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, நெடுஞ்சாலைப் பாலம் அகலமானது என்பதால்.

பவானி கூடுதுறையை ஒட்டி வீடு பார்க்க வேண்டாம். இரண்டு ஆறும் சேரும் இடத்தில் நீரோட்டம் ஒழுங்கில்லாமல் சுழலும், படித்துறை முழுக்கப் பக்தர்கள் இருப்பார்கள். அமாவாசையும் ஆடிப்பெருக்கும் வந்தால் உங்கள் தெருவுக்குள் உங்கள் காரே நுழையாது.

நெரிஞ்சிப்பேட்டை பார்க்கக் கண் நிறையும். எதிர்க்கரைப் பூலாம்பட்டிக்கு விசைப்படகில் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் தினமும் போய்வருகிறார்கள். படகில் வேலைக்குப் போவது என்ற சொல் முழு அர்த்தத்தில் பொருந்தும் இடம் அது. ஆனால் ஈரோட்டுக்கு ஒரு வழிக்கே 35 கி.மீ.க்கு மேல். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுமுடிக்கும் ஊஞ்சலூருக்கும் ஈரோடு – கரூர் ரயில் பாதை இருக்கிறது, நகருக்குள் வேலை செய்கிறவருக்கு அது பெரிய ஆறுதல். பெருந்துறை போகிறவருக்கு உதவாது. ஆறும் அங்கே குணம் மாறிவிடுகிறது: மணல் திட்டும் பாறையுமாக அகன்று கிடக்கும், மேட்டூர் திறப்பைப் பொறுத்து ஏறும், இறங்கும். மாசிக்குப் பிறகு கயாக்கைத் தலையில் சுமந்து நடக்கும் தூரம் துடுப்புப் போடும் தூரத்தைவிட அதிகம். கரூரில் வேலை என்று ஒருவர் கேட்டிருந்தால் மாயனூர்க் கதவணைக்கு மேல்பக்கம் பார்க்கச் சொல்லியிருப்போம். உங்களுக்கு அது தூரம். நொய்யல் ஆற்றை எண்ணவே வேண்டாம்.

ஒரு விளம்பர வலை பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈரோட்டைச் சுற்றி “நீரோரம் மனை” என்று விற்பதில் பல காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டியவை. 13ஆம் நூற்றாண்டில் வெட்டி இன்றும் பாசனம் தரும் அந்த வாய்க்கால் இந்த மண்ணின் பெருமை. ஆனால் அது பாசனத்துக்கு. அதில் படகு விட இடமில்லை, இறங்கினால் ஏறக் கரையில் பிடிமானமும் இல்லை. வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் நிலம் பெரும்பாலும் பழைய நஞ்சை. மழைக்காலத்தில் ஊற்று மேலே வந்து தரை ஈரமாகவே இருக்கும்.

இனி வெள்ளம். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து நொடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தது. பவானியில் கந்தன் நகர், குமாரபாளையத்தில் இந்திரா நகர், கலைமகள் தெரு போன்ற இடங்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது நிரம்பிவிட்டால் வருவதை அப்படியே விட்டாக வேண்டும், கீழே இருக்கும் கதவணைகளால் அதைப் பிடித்து வைக்க முடியாது. ஆகவே ஆற்றைப் பார்த்த முதல் வரிசை வீடு வேண்டாம். இரண்டாவது அல்லது மூன்றாவது தெரு, தரைமட்டம் கரையைவிட ஒரு மாடி உயரமாவது மேலே. நடந்து போனால் 3 நிமிடம். அது போதும்.

வீட்டுத் தரகர் “இங்கே தண்ணியே வராதுங்க” என்றுதான் சொல்வார். சுவரைக் கேளுங்கள். வாசல் பக்கத்து மின்மீட்டர் பெட்டியைப் பாருங்கள்: பெட்டி நெஞ்சு உயரத்துக்கு மேலே இருந்து, அதற்கு இரண்டடி கீழே சுவரில் நான்கு திருகுத் துளைகள் சிமெண்ட் வைத்து அடைத்த தடம் தெரிந்தால், பெட்டியை யாரோ வெள்ளத்துக்குப் பிறகு தூக்கி மாட்டியிருக்கிறார்கள். சுவரில் ஒரே மட்டத்தில் நீளமாகச் சுண்ணாம்பு உரிந்திருப்பது, மரக்கதவின் அடிப்பாகம் மட்டும் புதிதாக ஒட்டுப்போட்டிருப்பது, பீரோவுக்கடியில் செங்கல் அடுக்கியிருப்பது, எல்லாம் அதே கதைதான். பிறகு தெருமுனை மளிகைக்கடை அம்மாவிடம் “2018-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுங்க்கா?” என்று கேளுங்கள். வந்த மட்டத்தைக் கைகாட்டியே சொல்வார்.

வாங்குவது என்று முடிவெடுத்தாலும் முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். ஆடி, ஆவணியில் ஏறும் வெள்ளத்தையும், கோடையில் கதவணையைப் பராமரிப்புக்காகத் திறந்துவிடும்போது வெறிச்சோடும் ஆற்றையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அந்தப் பராமரிப்பு நாட்களில் தேக்கம் வடிந்து கரையிலிருந்து பல மீட்டர் சேறாகிவிடும், விசைப்படகே நின்றுவிடும். வாங்கும்போது பட்டா, சிட்டாவோடு ‘அ’ பதிவேட்டையும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் கிராமப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவை வரைபடம்) எடுத்துப் பாருங்கள். கரையோரப் படுகையில் ஆற்றுப் புறம்போக்கை வளைத்து வேலி போட்டிருப்பது சகஜம். வேலிக்குள் இருப்பதெல்லாம் பட்டா நிலம் என்று நம்பிவிடாதீர்கள். இன்னொன்றும் புலப்படத்தில் பார்க்க வேண்டும்: உங்கள் தெருவிலிருந்து ஆற்றுக்குப் போகும் தடம் பொதுப் பாதையாகக் காட்டப்பட்டிருக்கிறதா? பக்கத்துத் தோட்டக்காரர் தயவில் போய்வரும் வழி என்றால், தோட்டம் கைமாறும் அன்று உங்கள் படகு வீட்டோடு நின்றுவிடும்.

அந்தத் தடத்தை ஒரு நாள் கயாக்கோடு நடந்தே பாருங்கள். 12 அடி பிளாஸ்டிக் கயாக் 25 கிலோ அளவில் இருக்கும். இருவர் தூக்கினால் 200 மீட்டர், அதற்குமேல் இரண்டு சக்கரத் தள்ளுவண்டி வேண்டும். வண்டிக்குப் படித்துறையைவிட மாடு குளிப்பாட்டும் மண்சரிவு நல்லது. படித்துறையில் தண்ணீருக்கடியில் இருக்கும் முதல் இரண்டு படிகள் பாசி பிடித்து வழுக்கும், கயாக்கில் கால் வைக்கும் நேரத்தில்தான் பெரும்பாலானோர் விழுகிறார்கள். மண்சரிவிலும் ஒரு எச்சரிக்கை: முன்பு மணல் அள்ளிய இடங்களில் கரையிலிருந்து நாலடி தூரத்தில் முழங்கால் ஆழம் திடீரென்று ஆள் ஆழமாகிவிடும். துடுப்பால் தட்டிப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

எந்த நாள் இறங்கலாம் என்பதற்குக் காலை நாளிதழில் வரும் மேட்டூர் நீர்த்திறப்பே அளவுகோல். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு 300 மீட்டர் அகலம், சராசரி 4 மீட்டர் ஆழம் என்று எடுத்துக்கொண்டால், 5,000 கன அடி வரும்போது நீரோட்டம் மணிக்கு அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. 20,000 கன அடியில் மணிக்கு 1.7 கி.மீ. 50,000 கன அடியில் மணிக்கு 4.2 கி.மீ. பழக்கமில்லாதவர் துடுப்பு வேகமே மணிக்கு 4, 5 கி.மீ.தான். அதாவது 50,000 கன அடியில் நீங்கள் உயிரைக் கொடுத்துத் துழாவினாலும் நின்ற இடத்தில் நிற்பீர்கள், கை ஓய்ந்தால் கதவணையை நோக்கிப் போவீர்கள். நடுவாற்றில் ஓட்டம் சராசரியைவிட எப்போதும் கூடுதல். ஆகவே 15,000ஐத் தாண்டினால் அன்று வீட்டில் இருங்கள். நிர்வாகம் வெள்ள எச்சரிக்கை விட்டால் அளவே பார்க்க வேண்டாம். கூடுதுறைக்குக் கீழே துடுப்புப் போடுகிறவர் பவானி ஆற்றில் உள்ள பவானிசாகர் அணையின் திறப்பையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் திறப்பார்கள், மழையைப் பொறுத்து முன்பின்னாகும்.

கிளம்பும்போது எப்போதும் மேல்நோக்கிப் போங்கள், கதவணையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. திரும்பும்போது ஓட்டம் வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். கதவணைப் பக்கம் அரைக் கிலோமீட்டருக்குள் போகவே கூடாது. கதவு அடியிலிருந்து மேலே தூக்கப்படும்போது தண்ணீர் அடிவழியாகப் பாயும். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி அமைதியாகத் தெரியும், ஆழத்தில் இழுவை இருக்கும். கீழ்ப்பக்கம் மின் உற்பத்தி தொடங்கும் நேரத்தில் நீர்மட்டம் சில நிமிடங்களில் ஏறிவிடும்.

மிதவை உடுப்பைப் போட்டபின் தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே இழுக்கட்டும். தாடையை மூடினால் அது உங்களுக்குப் பெரிசு. மீனவர்கள் அந்தியில் கட்டும் நைலான் வலை விடியும்வரை நீரில் இருக்கும், மிதவைக் கட்டைகளின் வரிசையைப் பார்த்துச் சுற்றிப் போங்கள், ஒரு சிறு கத்தியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அது உங்கள் உயிருக்கான கத்தி. வலை அவர்கள் பிழைப்பு. முதல் வாரமே கரையில் பரிசல் போடுகிறவர்களிடம் போய் நின்று பேசுங்கள். எந்த மடுவில் சுழல், எங்கே பாறை தண்ணீருக்கடியில் மறைந்திருக்கிறது என்பதை அவர்கள் சொல்வதுபோல் எந்த வரைபடமும் சொல்லாது. இயந்திரம் மாட்ட எண்ணினால் பதிவு, அனுமதி பற்றி முன்கூட்டியே நீர்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். மேட்டூர், பவானிசாகர் மாதிரிப் பெரிய அணைகளில் சொந்தப் படகு விட நினைக்க வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு திங்கட்கிழமை பவானியில் தங்குங்கள். 5:45க்குக் கயாக்கை இறக்குங்கள், 6:45க்குக் கரையேறி, கழுவி, நிழலில் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள் (வெயிலில் மல்லாக்கப் போட்டால் அடிப்பாகம் வளைந்துவிடும்). 7:40க்கு ஒருவர் ஈரோட்டுக்கும் ஒருவர் பெருந்துறைக்கும் கிளம்புங்கள். மாலை 6 மணிக்கு அதே வழியில் திரும்புங்கள். இரண்டு வழியிலும் அந்தியூர் பிரிவில் எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அது 15 நிமிடத்துக்குள் இருந்தால் வீட்டுக்காரரிடம் பேசலாம்.