வியாழன் இரவு கெக்கில், சனி மாலை கோப்பையில்: கேள்வி பதில்

கேள்வி (டொராண்டோ): வீட்டில் காய்ச்சிய 19 லிட்டர் பேல் ஏல் பீர், நொதித்து முடிந்தது. கெக்கில் (அழுத்தம் தாங்கும் எஃகுக் கலன்) ஊற்றி கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) ஏற்ற வேண்டும். இன்று வியாழன், சனி மாலை விருந்து. முடியுமா?

பதில்: முடியும். ஆனால் நொதிப்பு முடிந்ததை ஹைட்ரோமீட்டர்தான் (அடர்த்தி காட்டும் கருவி) சொல்ல வேண்டும். இரண்டு நாள் இடைவெளியில் அளவு மாறாமல் இருக்க வேண்டும். சுத்தப்படுத்திய கெக்கில் மாற்றியதும் 30 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) கேஸ் ஏற்றுங்கள், மூடி நன்றாக உட்காரும். மூடியில் அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வை நாலைந்து முறை இழுத்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். மூடியைச் சுற்றியும் இரண்டு போஸ்ட்களிலும் (கேஸ், பீர் இணைப்பு முனைகள்) சோப்பு நீர் தடவிக் கசிவு இருக்கிறதா பாருங்கள்.

இரவு முழுக்க 3 டிகிரி ஃபிரிட்ஜில் 12 பிஎஸ்ஐயில் இருக்கட்டும். கேஸைக் கழற்றிவிடாதீர்கள், குளிரும் பீர் மேலே உள்ள கேஸை உறிஞ்சிக்கொள்ளும், அழுத்தம் இறங்கி மூடி தளரும். வெள்ளி காலை 30 பிஎஸ்ஐ, 24 மணி நேரம். சனி காலை கேஸை அடைத்து, வால்வை இழுத்து அழுத்தத்தை இறக்கி, 12க்கு மாற்றுங்கள். மாலைக்குள் 2.5 வால்யூம் (பீரின் அளவைப்போல 2.5 மடங்கு கேஸ் கரைந்த நிலை) பக்கம் வந்துவிடும். முதல் அரைக் கோப்பை வண்டல், கொட்டிவிடுங்கள்.

கேள்வி: கெக்கிலேயே சர்க்கரை போட்டால்?

பதில்: அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரம் ஆகும். சனிக்கிழமைக்கு உதவாது.

கேள்வி: 24 மணி நேரம் எதற்கு? 30 பிஎஸ்ஐயில் கெக்கைப் படுக்கவைத்து நூறு முறை ஆட்டினால் போதுமே.

பதில்: ஆட்டலாம், எண்ணிக்கையை மட்டும் நம்பி 30இல் வேண்டாம். 3 டிகிரியில் 12 பிஎஸ்ஐ வைத்தால் பீர் 2.6 வால்யூமுக்கு மேல் ஏறாது, எவ்வளவு ஆட்டினாலும். 30 வைத்தால் அந்த உச்சி 4.3. எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியாது.

கேள்வி (அவரே): எண்ணிக்கை வைத்துத்தானே நிறுத்துகிறேன்.

பதில்: கெக்கில் காலி இடம் எவ்வளவு, பீர் எத்தனை டிகிரி, எவ்வளவு வேகமாக ஆட்டுகிறீர்கள், எல்லாமே எண்ணிக்கையைக் குலைக்கும். அவசரமென்றால் கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டரோடு (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தராசில் வையுங்கள். நொதித்த பீரில் ஏற்கெனவே 0.85 வால்யூம் இருக்கும், அதை 2.5 ஆக்க 19 லிட்டருக்குச் சுமார் 60 கிராம் கேஸ் போதும். ஹோஸைக் கழற்றி எடை பார்த்துவிட்டு மாட்டி ஆட்டுங்கள். 50 கிராம் குறைந்ததும் நிறுத்தி 12க்கு இறக்கிவிடுங்கள், மிச்சம் தானாக ஏறும். இதற்குக் கிராம் காட்டும் தராசு வேண்டும்.

படுக்கவைத்து ஆட்டுவதில் இன்னொரு ஆபத்து உண்டு. கெக்கின் அழுத்தம் ரெகுலேட்டரை மிஞ்சினால் பீர் கேஸ் குழாயில் ஏறி ரெகுலேட்டருக்குள் போகும். செக் வால்வு (ஒருவழி வால்வு) இல்லாமல் செய்யாதீர்கள். அடிவண்டலும் கலங்கும், தெளிய ஒரு நாள் பிடிக்கும். அப்படியென்றால் மிச்சம் பிடித்த நேரம் எங்கே?

கேள்வி: சூடான கெக்கையே ஆட்டலாமா?

பதில்: 20 டிகிரியில் 2.5 வால்யூமுக்கு 30 பிஎஸ்ஐக்கு அருகில் வேண்டும். குளிரவையுங்கள்.

கேள்வி: குளிர நேரமில்லை, சூட்டிலேயே...

பதில்: மேலே பாருங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினால் ஃபிரிட்ஜைவிடச் சீக்கிரம் குளிரும்.

கேள்வி: கெக்குக்குள் உலர் பனிக்கட்டி (திட கார்பன் டை ஆக்சைடு) போட்டால்?

பதில்: கூடவே கூடாது. அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: குழாயைத் திறந்தால் நுரைதான் வருகிறது.

பதில்: கெக்கிலிருந்து பீர் வரும் ஹோஸ் குட்டையாக இருக்கும். 12 பிஎஸ்ஐக்கு 3/16 அங்குல உள்விட்டக் குழாய் 3 மீட்டர் வேண்டும். அதுவும் ஃபிரிட்ஜுக்குள்ளேயே சுருண்டிருக்க வேண்டும். நீளமாக்கியும் நுரைத்தால் கேஸ் கூடிவிட்டது: கேஸைக் கழற்றி, மணிக்கு ஒருமுறை வால்வை இழுத்துவிடுங்கள்.

கேள்வி: புதிய சிலிண்டர் ஒரே இரவில் காலி.

பதில்: சோப்பு நீர் தடவினீர்களா? மூடியின் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) உணவுத்தர லூப் (மசகு) தடவுங்கள். ஃபிரிட்ஜ் இருக்கும் அறை சின்னதென்றால் முதலில் கதவைத் திறந்துவையுங்கள். கசிந்த கேஸ் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். உயர் அழுத்த கேஜை நம்பி இருப்பைக் கணிக்காதீர்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அசையாது. எடைதான் சொல்லும்.

கேள்வி (கோயம்புத்தூர்): இங்கே வீட்டில் செய்ய கெக் எங்கே வாங்கலாம்?

பதில்: தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். இதற்கு வழி சொல்ல மாட்டேன்.

கேள்வி: 30 பிஎஸ்ஐயில் வைத்து மறந்துவிட்டேன், இரண்டு நாள் ஆகிறது.

பதில்: கேஸைக் கழற்றி வால்வை இழுத்துவிடுங்கள். நுரை மேலே ஏறினால் நிறுத்தி, அடங்கியதும் மீண்டும். பொறுமையாகச் செய்தால் நாளைக்குள் ஊற்றலாம்.