அடுப்படிக்குக் கேட்கும்

வணக்கம் அண்ணாச்சி,

மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்குப் பத்தாம் வகுப்பில் 89.4 சதவீதம். பதினொன்றில் ஆர்ட்ஸ்தான் வேண்டும் என்றாள். இங்கே பதினொன்றும் பன்னிரண்டும் ஜூனியர் கல்லூரியில். ஆன்லைனில் விருப்ப வரிசை போட்டால், மார்க்கைப் பார்த்துச் சுற்றுச் சுற்றாக இடம் ஒதுக்குவார்கள். பத்து விருப்பம் போட்டோம். முதல் சுற்றில் எதுவும் வரவில்லை. இரண்டாவது சுற்றில், ஏழாவதாகப் போட்டிருந்த காட்கோபர் கல்லூரி வந்திருக்கிறது. அவள் ஆசைப்பட்ட மாட்டுங்கா கல்லூரியில் கட்-ஆஃப் இன்னும் 92க்கு மேலேதான் நிற்கிறது. கூடப் படித்த இரண்டு தோழிகளுக்கும் அங்கேயே கிடைத்துவிட்டது. நாலு நாளாக யாரிடமும் பேசுவதில்லை, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். அவள் அப்பா மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு ஆள் பார்க்கிறார். என் தம்பியோ பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிடு, இங்கே பிளஸ் ஒன் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறான். அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதா, கிடைத்ததில் சேர்ப்பதா? சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். யாரைப் பார்த்தாலும் இதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். அவளைப் பேச வைக்க என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் சனிக்கிழமை விஷயம். முதல் விருப்பம் கிடைத்திருந்தால் சேர்ந்தே ஆக வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது ஏழாவது என்பதால் விட்டுவிட்டுக் காத்திருக்க வழி இருக்கிறது. ஆனால் 89.4க்கும் 92க்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பாருங்கள். அடுத்த சுற்றில் கட்-ஆஃப் அரைப் புள்ளி, ஒரு புள்ளி இறங்கலாம். சில கல்லூரிகளில் ஏறியும் விடுகிறது. அரைப் புள்ளிதான் குறைகிறது என்றால் காத்திருங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். இரண்டரைப் புள்ளியை நம்பிக் கையில் இருப்பதை விடக் கூடாது. மொழிச் சிறுபான்மைக் கல்லூரிகளில் பாதி இடம் அந்த மொழிக்காரர்களுக்கு உண்டு. தமிழுக்கு அப்படி இடம் வைத்திருக்கும் கல்லூரி எதிலாவது அவளுக்குப் பிடித்த பாடம் இருந்தால், சேர்வதற்கு முன்னால் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். அது ஒன்றுதான் பாக்கி.

மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு ஆள் பார்க்கிற வேலையை உங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கே நிறுத்தட்டும். அந்த ஐந்து சதவீத இடத்துக்கு முறைப்படி விண்ணப்பம் போடலாம், தப்பில்லை. ஆள் வைத்துப் பணம் பேசுவது வேறு. இடம் தருவதற்காக வாங்குகிற கேபிடேஷன் கட்டணத்துக்கு எதிராக மகாராஷ்டிரத்தில் 1987லேயே சட்டம் வந்தாயிற்று. சட்டத்தை விடுங்கள், அப்பா காசு கொடுத்து வாங்கிய இடத்தில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கும்? பாளையங்கோட்டையும் வேண்டாம். மும்பையில் பிறந்து வளர்ந்த பதினாறு வயதுப் பெண்ணை இப்போது ஊருக்கு அனுப்பினால், தோற்றதற்குத்தான் அனுப்புகிறார்கள் என்றே அவள் எடுத்துக்கொள்வாள். தம்பி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அதற்காகச் செய்ய வேண்டியதில்லை.

இந்த வரிசை எதுவும் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். மும்பையில் டிகிரி சேர்க்கும்போது, தங்கள் ஜூனியர் கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்குத்தான் கல்லூரிகள் முதலில் இடம் தருகின்றன. மாட்டுங்காவில் சேர்ந்தவளுக்கு அந்த வசதி உண்டு. வெளியிலிருந்து போகிற உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைக் காட்டி மெரிட் லிஸ்டில் வர வேண்டும். அப்படி வந்து சேர்கிற பிள்ளைகள் வருஷாவருஷம் இருக்கிறார்கள். இன்ஜினியரிங்குக்கு சிஇடி நுழைவுத் தேர்வு, மருத்துவத்துக்கு நீட் என்று போகிற பிள்ளைகளுக்கோ ஜூனியர் கல்லூரியின் பெயரால் எதுவும் ஆகப்போவதில்லை.

இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் பதில் எழுத உட்கார்ந்தது, கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய வரிக்காக. யாரைப் பார்த்தாலும் இதையே சொல்லிப் புலம்புகிறேன் என்றீர்களே, யாரிடம் எல்லாம் சொன்னீர்கள்? எங்கே நின்று சொன்னீர்கள்? அப்போது அவள் எங்கே இருந்தாள்?

இது கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் என் அக்கா.

1986இல் அக்கா பத்தாம் வகுப்பு முடித்தாள். இந்த ஆன்லைன் முறை மும்பைக்கு வந்தது 2009இல்தான். அதுவரை ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் வரிசையில் நின்று ஃபாரம் வாங்க வேண்டும், பிறகு நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற லிஸ்டில் பெயர் தேட வேண்டும். 1982 பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் அப்பாவுக்கு மில் வேலை போயிருந்தது. சயானில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மூத்தவள் மாட்டுங்காவில் படிக்கப்போகிறாள் என்பதுதான் அந்த நாலு வருஷமும் அவர் வெளியே சொல்லிக்கொண்ட ஒரே சந்தோஷம். மூன்று மார்க்கில் அது நடக்காமல் போயிற்று.

அக்கா அன்று ராத்திரி அழுதாள். மறுநாள் எழுந்து வேலையைப் பார்த்தாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. அப்பா முடிய விடவில்லை. ஊரிலிருந்து வந்த சித்தப்பாவிடம் சொன்னார். பால்காரரிடம் சொன்னார். கோவிலில் பார்த்தவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து சொன்னார். "மூணே மூணு மார்க்குங்க, மூணு மார்க்குல போச்சு" என்று தொடங்குவார். கேட்பவர் உச்சுக்கொட்டுவார். எங்கள் வீடு ஒரே அறை. மூலையில் இருந்த சமையல் மேடைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சேலைத் திரை. வந்தவர்களுக்கு அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து காபி போட்டுக் கொடுத்ததும் அக்காதான். அப்பா "மூணு மார்க்கு" என்று வாயெடுத்ததும் அவள் ஸ்டவ்வை பம்ப் அடிக்க ஆரம்பிப்பாள். எரிகிற ஸ்டவ்தான், அடிக்க வேண்டியதே இல்லை. அடித்து அடித்து அது ஆங்காரமாக இரையும். அந்தச் சத்தத்துக்கு மேலே அப்பா குரலை உயர்த்துவார். பால் பொங்கி வழியும். "பிள்ளைக்கு வருத்தம், கவனம் எங்கேயோ இருக்கு" என்று அப்பா அதையும் கதையோடு சேர்த்துக்கொள்வார்.

அப்பா அவளைத் திட்டியதே இல்லை. அவள்மேல் அவ்வளவு பிரியம். ஆனால் தன் மனது ஆறுவதற்காக அவர் சொன்ன கதையை ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா வடாலாவில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள், நன்றாகப் படித்தாள், பரீட்சை எழுதி வங்கி வேலைக்குப் போனாள், இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தாள். இப்போதும் எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று யாராவது கேட்டால், வடாலா என்று சொல்வதற்கு முன்னால் மூன்று மார்க்கைச் சொல்லிவிடுகிறாள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் நின்று கேட்டேன். அப்பாவின் அதே வார்த்தைகள், அதே இழுவை. எனக்கு அடிவயிறு கலங்கிப்போயிற்று.

தங்கச்சி, உங்கள் வீடும் ஒன் ரூம் கிச்சனாகத்தான் இருக்கும், மிஞ்சினால் ஒன் பிஎச்கே. நீங்கள் அடுப்படியில் நின்று மதினியிடம் போனில் தணிந்த குரலில் பேசினாலும் அவளுக்குக் கேட்கும். காதில் இயர்போன் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அதில் பாட்டு ஓடுகிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பால்கனிக்குப் போய்ப் பேசினால், தன்னைப் பற்றித்தான் பேசப் போகிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் ஒரு பிள்ளைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அழ இடம் கிடையாது. இருக்கிற இடத்தையும் நீங்கள் பேசிப் பேசித் துக்க வீடாக்கினால் அவள் எங்கே போவாள்? அவள் பேசுவதில்லை என்று எழுதுகிறீர்கள். அவள் பேச வேண்டியதை எல்லாம் நீங்களே எல்லோரிடமும் பேசித் தீர்த்துவிட்டால், அவளுக்குப் பேச என்ன மிச்சம் இருக்கிறது?

எங்கள் அப்பாவாவது ஆளைப் பார்த்தால்தான் சொன்னார். இன்றைக்கு லிஸ்ட் வந்த அரை மணி நேரத்தில் சொந்தக்காரர்கள் குரூப், ஸ்கூல் அம்மாக்கள் குரூப், பில்டிங் குரூப் எல்லாவற்றிலும் யார் பிள்ளைக்கு எங்கே என்று வந்துவிடுகிறது. நீங்கள் அங்கே போட்டதையும், அதற்குக் கீழே அத்தைகளும் சித்திகளும் வரிசையாகப் போட்ட கும்பிடுகளையும் அவள் பார்த்திருப்பாள். எல்லாக் குரூப்பிலும் இதை நிறுத்துங்கள். உங்களுக்கு யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்தான், எனக்குப் புரிகிறது. ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வெளியே. சாயங்காலம் காய்கறி வாங்கப் போகும்போது அவரிடம் கொட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

இன்னொன்று. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் அழுவது கல்லூரியின் பெயருக்காக. அவள் அதற்காகத்தான் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் கண் முன்னால் நிற்பது, காலையில் குர்லாவில் வண்டி மாறும்போது சேர்ந்து ஏறப்போகிற அந்த இரண்டு தோழிகள். அவர்கள் டிபன் பாக்ஸில் இவள் கை இருக்காது. கல்லூரியைப் பற்றி ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்காமல் தோழிகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட முடியுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

இன்னும் இரண்டு வாரம் போயும் சாப்பாடும் தூக்கமும் சரியாகவில்லை என்றாலோ, இருந்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தாலோ, நாள் பார்க்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்று டெலி-மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, அரசாங்கத்துடையது, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரி அவளை உட்காரவைத்து ஒரே ஒரு தடவை கேளுங்கள், காட்கோபரில் சேரலாமா என்று. 92க்கும் 89.4க்கும் உள்ள கணக்கை அவளே போடட்டும், உங்களைவிட நன்றாகப் போடுவாள். சரி என்றால் போனை அவள் கையில் கொடுங்கள், அவளே உறுதி செய்யட்டும். மார்க் ஷீட்டும் லீவிங் சர்டிபிகேட்டும் ஒரிஜினலாகவே வேண்டியிருக்கும், இரண்டு ஜெராக்ஸ் சேர்த்து ஃபைலில் போட்டு அவளையே எடுத்துவரச் சொல்லுங்கள். செம்பூரிலிருந்து காட்கோபருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை, பெஸ்ட் (BEST) டவுன் பஸ் இருக்கிறது. அப்பாவும் கூட வரட்டும், ஆனால் கவுன்டரில் அவள்தான் பேச வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஊரிலிருந்து போன் வரும். "காட்கோபர்ல சேர்ந்துட்டா, திங்கக்கிழமை கிளாஸ்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர்கள் மாட்டுங்கா என்னாச்சு என்று கேட்பார்கள். அங்கே மழை உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி