சின்ன ஊர்தானே!

அன்புள்ள ஐயா,

தெற்கு ஓஹையோவில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் இங்கே மருத்துவர். டாக்டர்கள் வரத் தயங்கும் ஊரில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தால் விசா விதியைத் தளர்த்துவார்கள் என்பதால் வந்தோம். 2020 ஜூனில் எங்கள் ஊர் நீதிமன்றப் புல்வெளியில், மினியாபொலிஸில் போலீஸ்காரர் ஒருவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியதில் இறந்த கறுப்பரான ஜார்ஜ் ஃப்ளாய்டுக்காக நாற்பது பேர், அந்த முழங்கால் கழுத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட எட்டு நிமிடம் நாற்பத்தாறு வினாடி நேரம் மண்டியிட்டிருந்தார்கள். நான் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை. கணவர் கராஜிலேயே உடைமாற்றிக்கொண்டு, கீழ்த்தளத்தில் தனியாகப் படுத்த காலம் அது. விசா பயம் வேறு. அதோடு, நாம் வெள்ளையரும் இல்லை, கறுப்பரும் இல்லை. சின்ன ஊர்தானே, நாற்பது பேர் நின்று என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. இப்போது என் மகளுக்கு, '2020இல் என்ன செய்தீர்கள்' என்று பெரியவர்களைப் பேட்டி எடுக்கும் வீட்டுப்பாடம். அவளிடம் என்ன சொல்வது? நோய் பரவும்போது அப்படிக் கூட்டம் கூடியது சரியா? நீங்கள் பதில் சொன்னால் மகிழ்வேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டு வாரமாகக் கடிதங்களுக்குப் பதில் எழுதவில்லை. உங்களுடையதையும் ஒதுக்கித்தான் வைத்தேன். ஆனால் அதில் ஒரு சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. "சின்ன ஊர்தானே." கொஞ்ச நாளாக அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கோபமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருமிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுச் சுகாதாரத் துறையினர் போராட்டங்களை ஆதரித்துத் திறந்த மடல் எழுதினார்கள். அப்பா சாவுக்கே பத்துப் பேருக்கு மேல் கூடாதே என்றீர்கள், இப்போது மட்டும் எப்படி என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. பின்னர் பொருளாதார ஆய்வாளர்கள் பெருநகரங்களின் தரவைப் பார்த்தபோது, போராட்டங்களால் தொற்று கூடியதற்கான தடயம் கிடைக்கவில்லை. போராடப் போகாதவர்கள் வழக்கத்தைவிட அதிகமாக வீட்டிலேயே இருந்துவிட்டதும் ஒரு காரணம். உங்கள் ஊரில் நின்றது நாற்பது பேர், அதுவும் திறந்த வெளியில். விடுங்கள்.

விசா பயத்துக்காக உங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதங்களில் இந்திய மருத்துவர்களின் மனைவிகள் என்ன நினைத்துக்கொண்டு படுக்கப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் விசாவில் தொங்கிக்கொண்டிருக்கும் உங்கள் விசாவும் போய்விடும். ஊரார் மூச்சைக் காப்பாற்றப் போன மனிதர் இறந்தால், அவர் குடும்பம் மூட்டை கட்ட வேண்டும். இந்த நிலையில் ஒருத்தி காரை விட்டு இறங்கவில்லை என்றால் அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன் அம்மா. சொல்கிறவர்களுக்குக் குடியுரிமை இருக்கும்.

ஆனால் "நாம் வெள்ளையரும் இல்லை, கறுப்பரும் இல்லை" என்ற வரியை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். ஃப்ளாய்ட் இறந்த அன்று மினியாபொலிஸில் அங்கே இருந்த நான்கு போலீஸ்காரர்களில் ஒருவர் வெள்ளையரும் இல்லை, கறுப்பரும் இல்லை. மங் இனத்தவர், ஆசியர். அவர் வேலை, தடுக்க வந்த ஜனங்களை நடைபாதையிலேயே நிறுத்தி வைப்பது. கழுத்தில் முழங்கால் வைத்தவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைத்தான் செய்தார். சிறைக்கும் போனார். அதே நகரத்தில், அதே வாரம், காந்தி மஹால் என்ற உணவகம் எரிந்து போனது. அதை நடத்தியவர் வங்கதேசத்திலிருந்து வந்தவர். கட்டடம் எரிந்தால் எரியட்டும், நீதி கிடைக்க வேண்டும் என்று அவர் சொன்னது நாடெங்கும் செய்தியானது. அவரும் வெள்ளையரும் இல்லை, கறுப்பரும் இல்லை. நடுவில் இடம் இருக்கிறது என்கிறீர்கள். அந்த நடுவிலேயே இரண்டு பேர் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறார்கள் பாருங்கள்.

சரி, "சின்ன ஊருக்கு" வருகிறேன்.

போராட்டம் என்றால் பெருநகரம் என்று நம் மண்டையில் படம் பதிந்துவிட்டது. பத்தாயிரம் பேர், பாலம், ஹெலிகாப்டர், புகை. ஆனால் அந்த ஆண்டு அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் ஆட்கள் நின்றார்கள். அமெரிக்காவில் இரண்டாயிரம் பெருநகரங்கள் கிடையாது. மிச்சமெல்லாம் உங்கள் ஊர் மாதிரிதான்.

பெருநகரத்தில் நிற்பது எளிது என்று நான் சொன்னால் கண்ணீர்ப் புகை வாங்கியவர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன். அங்கே கூட்டத்தில் கரைந்துவிடலாம். நாலாயிரம் பேர் உள்ள ஊரில் கரைய இடமில்லை. முகக்கவசம் போட்டாலும் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்தான் மறுநாள் உங்கள் பல்லைப் பிடுங்குவார், உங்கள் வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவார், உங்கள் பிள்ளைக்குக் கால்பந்து சொல்லித் தருவார்.

தெற்கு இல்லினாயில் ஆனா என்று ஓர் ஊர், நாலாயிரத்துச் சொச்சம் பேர். 1909இல் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி பக்கத்து கெய்ரோ நகரில் கொலையானாள். அங்கே ஒரு கறுப்பரைப் பிடித்து ஆயிரக்கணக்கானோர் பார்க்கக் கொன்றார்கள். வழக்கு, விசாரணை எதுவும் இல்லை. கையோடு ஆனாவிலிருந்த கறுப்பர்களையும் துரத்திவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கறுப்பர்கள் வெளியேறிவிட வேண்டிய 'சன்டவுன்' ஊர் என்று அது பெயர் எடுத்தது. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரின் நான்கு எழுத்துகளுக்கும் 'இங்கே கறுப்பருக்கு இடமில்லை' என்று பொருள் வருகிற வசையொன்றை விரிவாகச் சொல்வார்கள். நூறாண்டுக்கு மேலாக அப்பாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்த விரிவு அது. 2020 ஜூன் தொடக்கத்தில் அந்த ஊர்த் தெருவில் இளைஞர்கள் ஊர்வலம் போனார்கள். டெக்ஸஸில் வைடர் என்ற ஊரும் அப்படித்தான். கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலால் பெயர் கெட்ட ஊர். அங்கே கூட்டம் என்று அறிவிப்பு வந்ததும், போகாதீர்கள், இது பொறி என்று கறுப்பர்கள் இணையத்தில் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டார்கள். பொறியில்லை. ஜூன் 6 அன்று கூட்டம் நடந்தது.

உங்களுக்கு அருகிலேயே பெத்தல் இருக்கிறதே. மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஐம்பது பேர் வந்தாலே அதிகம் என்று நினைத்து ஒரு சிறு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். வந்தது எண்பது, தொண்ணூறு பேர். எதிர்க்க வந்தவர்கள் எழுநூறு பேர், மோட்டார் சைக்கிள்களில், சிலர் துப்பாக்கிகளோடு. அட்டைகளைக் கிழித்தார்கள். ஒருவருக்குப் பின்னாலிருந்து தலையில் குத்து விழுந்தது. ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. நாற்பது பேர் நின்று என்ன ஆகப்போகிறது என்கிறீர்கள். ஒன்றும் ஆகாது என்றால் எழுநூறு பேர் எதற்கு வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்? அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

(ஆரிகனில் க்ளாமத் ஃபால்ஸ் என்ற ஊரில், வெளியூர்க் கலகக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள் என்ற வதந்தியை நம்பி ஜனங்கள் துப்பாக்கியோடு தெருவில் காத்திருந்தார்கள். ஒரு பஸ்ஸும் வரவில்லை. எதிரே நின்றவர்கள் அதே ஊர்க்காரர்கள்.)

நாம் ஏன் இதில் என்று கேட்கும் நம்மவர்களுக்கு ஒரு ஊர்ப் பெயர் சொல்கிறேன். பெல்லிங்ஹாம், வாஷிங்டன் மாநிலம். மர ஆலைகள் நிறைந்த துறைமுக ஊர். 1907 செப்டம்பர் 4 இரவு, நூற்றுக்கணக்கான வெள்ளைத் தொழிலாளர்கள் இந்தியர்களின் தங்குமிடங்களில் புகுந்து, அடித்து, தெருவில் இழுத்துப் போட்டார்கள். பெரும்பாலும் சீக்கியர்கள், மொத்தம் இருநூறு பேர் இருக்கலாம். இரவெல்லாம் நகர மன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அடைந்து கிடந்தார்கள். சில நாளில் அத்தனை பேரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. யார் செய்தார்கள் என்று ஊருக்கே தெரிந்திருக்கும், சின்ன ஊர்தானே! நூறாண்டு கழித்து, 2007இல்தான் வருத்தம் தெரிவித்தார்கள். அன்றிரவு சன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போன ஒரு வீட்டைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தபோது.

ஏனென்றால் அந்தச் சன்னல் எனக்குப் பழக்கம்.

2020 பிப்ரவரியில் பேரனைப் பார்க்க இண்டியானாவுக்குப் போனேன். மார்ச்சில் இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிட்டது. செப்டம்பர் வரை மகன் வீட்டு முன்னறைச் சன்னல்தான் எனக்கு உலகம். எதிர் வீட்டில் ஓர் அம்மா, எழுபத்தைந்து வயதிருக்கும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வெள்ளைக்காரர். நாட்டில் கொரோனாச் சாவு ஒரு லட்சத்தைத் தொட்ட அதே வாரம், ஃப்ளாய்ட் இறந்த இரண்டு மூன்று நாளில், அவர் மாலை ஐந்து மணிக்கு அட்டையோடு நாற்சந்தியில் போய் நின்றார். தனியாக. ஒரு மணி நேரம். மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாளும்.

ஒரு பிக்கப் டிரக்காரன் வண்டியை மெதுவாக்கி விரலைக் காட்டினான். அந்த அம்மா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். மூன்றாம் வகுப்பில் அவருடைய மாணவனாம். அவன் திருந்தினானா என்று கேட்காதீர்கள். மறுநாளிலிருந்து வேறு தெரு வழியாகப் போனான், அவ்வளவுதான். ஆனால் சிகாகோவில் நின்றிருந்தால் அந்தக் கேள்வியை யாரால் கேட்டிருக்க முடியும்?

"அப்பா, நீங்க வெளிய போகாதீங்க. உங்களுக்கு வயசு அறுபத்தெட்டு, சுகர் வேற" என்று மகன் சொல்லியிருந்தான். ஆனாலும் நாலாவது நாள் மனசு கேட்காமல் கராஜிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் விரித்து வைத்தேன். வயதானவர், கால் வலிக்குமே என்ற கரிசனம். அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்களுடையது எங்கே?"

எனக்குச் சர்க்கரை வியாதி என்றேன்.

"எனக்கும்தான்" என்றார்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சன்னலிலிருந்து பார்த்தேன். அவர் உட்காரவே இல்லை. தண்ணீர்ப் புட்டியையும் கைப்பையையும் நாற்காலிமேல் வைத்துக்கொண்டு நின்றார். ஆறு மணிக்கு அதை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து, கிருமிநாசினி போட்டுத் துடைத்து, மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். கதவைத் தட்டவில்லை.

விமானம் கிடைத்துக் கிளம்பும்வரை நான் அந்த நாற்சந்திக்குப் போகவில்லை. காரணங்கள் எல்லாம் சரியானவை. இன்றைக்கும் அவற்றில் ஒன்றைக்கூட என்னால் தவறு என்று சொல்ல முடியாது.

நோயைப் பற்றி இன்னொன்று. ஃப்ளாய்ட் இறந்ததும் மினியாபொலிஸ் போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கையின் தலைப்பு, போலீஸ் நடவடிக்கையின்போது 'மருத்துவ நிகழ்வு' ஒன்றுக்குப் பின் ஒருவர் மரணம் என்பது. முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கைபேசியில் படமெடுத்திருக்காவிட்டால் அதுவே பதிவாக நின்றிருக்கும். உடம்பு சரியில்லை என்பதைப் போல வசதியான காரணம் உலகத்தில் கிடையாது. போலீஸுக்கும் உதவும், எனக்கும் உதவும்.

வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டேன் பாருங்கள். மகளிடம் நடந்ததைச் சொல்லுங்கள். கார், கண்ணாடி, அப்பா கீழ்த்தளத்தில் படுத்தது, விசா, எல்லாம். "நம்ம ஊரிலேயே சாதி இருக்கும்போது" என்று ஆரம்பித்துவிடாதீர்கள், அது வேறொரு நாற்காலி. அந்த எண்ணையும் திருத்திச் சொல்லுங்கள். எட்டு நிமிடம் நாற்பத்தாறு வினாடி என்றுதான் அன்று எல்லாரும் நம்பினோம். வழக்கு விசாரணையில் அது ஒன்பது நிமிடம் இருபத்தொன்பது வினாடி என்று தெரியவந்தது. புல்வெளியில் மண்டியிட்டவர்கள் நாற்பத்து மூன்று வினாடி முன்னதாக எழுந்துவிட்டார்கள்.

அப்புறம், பேட்டியை உங்களோடு முடித்துக்கொள்ள வேண்டாம். அந்த நாற்பது பேரில் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல் டாக்டரின் மகன், நூலகத்தில் வேலை பார்க்கும் பெண், யாராவது. மகளை அவரிடம் அனுப்புங்கள். நீங்களும் கூடப் போங்கள். உங்கள் காரை அவர்கள் அன்றே பார்த்திருப்பார்கள்.

டாக்டருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இன்னும் கராஜில்தான் உடைமாற்றுகிறாரா?