வகுப்பறைக்குள் ஒரு மழைமானி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வானிலை நிலையம் ஒன்றில் 34 ஆண்டுகள் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் மழைமானியைப் பார்த்து அளவை எழுதுவதில்தான் என் நாள் தொடங்கும். சென்ற மாதம் ஒரு பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானிலை பற்றிப் பேச அழைத்தார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து 42 படங்கள் தயாரித்துக்கொண்டு போனேன். காற்றழுத்தம், மேக வகைகள், பருவநிலை மாற்றம், கடைசியில் விடாமுயற்சி பற்றி நாலு வார்த்தை. பத்தாவது நிமிடத்திலேயே பின்வரிசையில் சலசலப்பு கிளம்பிவிட்டது. முடிவில் ‘ஏதாவது சந்தேகம் உண்டா?’ என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மைக்கை வைக்கப் போகும்போது ஒரு பையன் எழுந்து, ‘மழைக்கு லீவு விடுவது நீங்கள்தானா சார்?’ என்றான். மண்டபமே சிரித்தது. ஆசிரியர் அவனை அதட்டி உட்காரவைத்தார்.

அதே பள்ளி மறுபடியும் அழைத்திருக்கிறது. இம்முறை ஒரே ஒரு வகுப்பு, 45 நிமிடம். போகலாமா? எங்களைப் போன்றவர்கள் ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போவதால் பிள்ளைகளுக்கு உண்மையில் ஏதாவது கிடைக்கிறதா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

(ஒரு வாசகர்)

அன்புள்ள ஐயா,

அவசியம் போங்கள். போனதும் முதல் வேலையாக அந்தப் பையனைத் தேடிப் பிடியுங்கள். அவன் கேட்டதில் குறும்பு இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்று அந்த மண்டபத்தில் ஒரு பிள்ளை தானாக அறிய விரும்பியது அது ஒன்றைத்தான். ‘நான் விடுவதில்லை, எவ்வளவு பெய்தது என்று அளந்து சொல்வதோடு என் வேலை முடிந்துவிடும்’ என்று நீங்கள் சொல்லியிருந்தால், ‘எப்படி அளப்பீர்கள்?’ என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். 34 ஆண்டுகள் நீங்கள் செய்த வேலைக்கு இரண்டே கேள்வியில் வந்து சேர்ந்திருப்பீர்கள். 42 படங்களும் உங்களை அங்கே கொண்டுபோகவில்லை.

நானும் இப்படிப் பட்டவன்தான். ஒரு பள்ளியில் வாசிப்பின் அவசியம் பற்றிப் பேசப் போனேன். வாசிப்பு அவசியம் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லாத பெரியவர்களே இருக்க முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. இருபது நிமிடம் பேசினேன். முன்வரிசையில் ஒரு சிறுமி தன் சடை ரிப்பனை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். நடுவில் அவளே, ‘எழுதும்போது தப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்றாள். பையில் ஒரு கட்டுரையின் கையெழுத்துப் பிரதி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பத்துப் பேர் அதைச் சுற்றிக் குனிந்துவிட்டார்கள். அடித்தல்களை ஒருவன் விரல் வைத்து எண்ணினான். முதல் பக்கத்தில் மட்டும் 31. ‘எங்கள் மிஸ் இதற்கு மதிப்பெண் போடமாட்டார்’ என்றான். நான் தயாரித்து வைத்திருந்த மீதிப் பேச்சு அப்படியே பைக்குள் திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எங்கும் பேசியதில்லை.

ஆகவே படங்களை வீட்டில் வைத்துவிட்டு மழைமானியைக் கொண்டுபோங்கள். லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் இளையவர்களுக்காகவே ஏற்பட்டவை. அவற்றில் 19 தொடர்களை மைக்கேல் ஃபாரடே நிகழ்த்தினார். மின்சார ஆராய்ச்சியில் அவ்வளவு சாதித்தவர், ஒரு தொடர் முழுவதற்கும் மேசைமேல் வைத்துக்கொண்டது ஒரு மெழுகுவர்த்தி. அதை ஊதி அணைத்து, எழும் புகையிழையில் தீக்குச்சியைக் காட்டினால் தீ அந்த இழை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி என்று அதன் பிறகு சொன்னால், கேட்பவர் தன் கண்ணால் பார்த்ததற்கு அது விளக்கமாகிவிடுகிறது. உங்கள் கையில் மெழுகுவர்த்தியைவிட நல்ல பொருள் இருக்கிறது.

இரண்டு பாத்திரங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். ஒவ்வொன்றும் அடி முதல் வாய் வரை தன்னளவில் ஒரே அகலமாக இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள், டம்ளர்களில் பெரும்பாலானவை அடியில் குறுகி ஏமாற்றிவிடும். இரண்டையும் திறந்த வெளியில் மழையில் வைத்தால் எதில் நீர்மட்டம் உயரமாக நிற்கும்? கை தூக்கச் சொல்லுங்கள். அகலமானதில் என்று ஒரு கூட்டம் சொல்லும், ஒடுக்கமானதில் என்று இன்னொரு கூட்டம். இரண்டிலும் ஒரே உயரம் என்று சொல்ல ஒருவரோ இருவரோ இருப்பார்கள், அதுவும் தயங்கித் தயங்கி. யார் சரி என்று சொல்லிவிடாதீர்கள். கரும்பலகையில் மூன்று எண்ணிக்கையையும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அடுத்தது உங்கள் அளவுக்குழாய். மேலே அகன்ற புனல், உள்ளே இவ்வளவு ஒடுங்கிய குழாய், ஏன் என்று கேளுங்கள். புனலின் வாய்ப் பரப்பு குழாயின் குறுக்குப் பரப்பைப் போல் பத்து மடங்கு இருந்தால், 1 மில்லிமீட்டர் மழை குழாயில் 10 மில்லிமீட்டராக எழுந்து நிற்கும்; தூறலைக்கூடக் கண்ணால் படித்துவிடலாம். இதை நீங்கள் சொல்ல வேண்டாம். குழாயைக் கையில் கொடுத்துவிட்டால் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும், இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

பிறகு கணக்கு. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர். வகுப்பறையின் நீள அகலத்தை அவர்களே அளக்கட்டும். எட்டுக்கு ஆறு மீட்டர் என்றால் கூரை 48 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 480 லிட்டர், 15 லிட்டர் வாளியில் 32 வாளி. ‘லேசான மழை’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பொழுதுகளில் தலைக்கு மேலே எத்தனை வாளி கொட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள்.

நேரம் மிச்சமிருந்தால் மழைத்துளியை வரையச் சொல்லுங்கள். எல்லோரும் மேலே கூர், கீழே உருண்டை என்று கண்ணீர்த்துளியைத்தான் வரைவார்கள். நானும் நெடுங்காலம் அப்படியே நம்பியிருந்தேன். சிறிய துளி உருண்டையானது. பெரிய துளி, எதிர்க்காற்று அழுத்துவதால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் உடைந்துவிடும். துளியின் அளவை அறிய அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த விவசாயி வில்சன் பென்ட்லி ஒரு வழி கண்டார். சலித்த மாவைத் தட்டில் பரப்பி மழையில் சில நொடிகள் நீட்டினார். விழுந்த ஒவ்வொரு துளியும் மாவில் ஒரு சிறு உருண்டையாயிற்று. காய்ந்தபின் அவற்றை அளந்தார். 1904-இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். மழை இல்லாத நாளில் சொட்டுக்குழாயும் நீர் தெளிப்பானும் போதும். உருண்டைகளைப் பெரியது சிறியது என்று தாளில் வரிசையாக அடுக்கும்போது எந்தப் பின்வரிசையும் பேசாது.

‘சந்தேகம் உண்டா?’ என்று கேட்டதும் நிசப்தம் என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை நொடி பொறுத்திருந்தீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருப்பது சுமார் ஒரு நொடிதான் என்று தெரிந்தது. அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள், மாணவர்களே கேள்வி கேட்பதும் கூடிற்று. மேடையில் நிற்பவருக்கு மூன்று நொடி என்பது மூன்று நிமிடம் போல இருக்கும். மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசிக் கேள்வியை முடிவுசெய்யச் சொன்னால் இன்னும் நல்லது. தனியாக எழுந்து நிற்பது அந்த வயதில் எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

முன்னதாகவே வகுப்பாசிரியரிடம் பேசிவிடுங்கள்: எத்தனை பேர், பரப்பளவு நடத்தியாயிற்றா, பார்வையோ செவியோ குறைந்த பிள்ளைகள் உண்டா. ஆசிரியர் முழு நேரமும் வகுப்பிலேயே இருக்கட்டும். தேநீருக்குப் போய்விடும் வழக்கம் சிலருக்கு உண்டு. பள்ளியின் அனுமதியின்றிப் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். விடாமுயற்சி பற்றிய அந்த நாலு வார்த்தையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்டீர்கள். ஒரு நாள் பேச்சால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை திரும்பிவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. திரும்பினாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் கிளம்பும்போது ஒரு எளிய மழைமானியையும் கோடு போட்ட நோட்டு ஒன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வரலாம். தினமும் ஒரே நேரத்தில், முறைவைத்து இரண்டு பேர் அளந்து எழுதட்டும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும், பார்க்கத் தவறிய நாளில் ஒரு கோடு இழுக்க வேண்டும், இரண்டும் வெவ்வேறு என்று சொல்லிக்கொடுங்கள். அந்த வேறுபாட்டின் அருமை உங்களைவிட யாருக்குத் தெரியும்? மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் பார்க்க மட்டும் ஒரு முறை போய் வாருங்கள்.

முதலில் சொன்ன இரண்டு பாத்திரங்களையும் பள்ளி முற்றத்திலேயே விட்டுவிடுங்கள், மரத்துக்கும் சுவருக்கும் எட்ட. விடை தெரியாமல் எப்படிப் போகலாம் என்று வாசல்வரை துரத்திக்கொண்டு வருவார்கள். அடுத்த மழை வரட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.