சொத்தைச் சுருட்டிய சொந்தக்காரனும் கணக்கு கேட்ட பையனும்

கேள்வி இதுதான்: பழங்காலத்தில் அப்பாவை இழந்த பையன், இன்னும் தொழில் பழகுகிற வயது, பாதுகாக்க வந்த சொந்தக்காரனே கொடுமைக்காரனாகவும் திருடனாகவும் இருந்தால் அவனால் என்ன செய்திருக்க முடியும்?

பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸ் என்றால் வழக்குப் போடலாம், ஆனால் 18 வயது வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவன்தான் டெமாஸ்தனிஸ். பேச்சாளர் என்று எல்லோருக்கும் தெரியும், நீதிமன்றத்தில் முதலில் பேசியதே சொந்தக்காரன் மேல் போட்ட வழக்கில்தான் என்பது அவ்வளவாகத் தெரியாது. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அதனால் அந்த வழக்குரையைப் படித்தபோது எனக்குக் கண்ணீரைவிட எண்கள்தான் பிடித்தன.

அப்பா சாகும்போது பையனுக்கு ஏழு வயது, தங்கைக்கு ஐந்து. மூன்று பாதுகாவலர்கள்: அத்தை மகன் அபோபஸ், அப்பாவின் சகோதரர் மகன் டெமோஃபோன், அப்பாவின் நண்பர் ஒருவர். உயில்படி அபோபஸ் விதவைத் தாயைக் கட்டிக்கொள்ள வேண்டும், டெமோஃபோன் அந்தத் தங்கையை. (அண்ணன் முறை ஆயிற்றே என்று நமக்குத் தூக்கிவாரிப் போடும், அங்கே அது சகஜம்.) அபோபஸ் நகை, வெள்ளிப் பாத்திரம், அடிமைகளை விற்ற பணம் என்று தனக்கு வரதட்சணையாகச் சொன்ன 80 மினா பணத்தையும் தேற்றிக்கொண்டான், கல்யாணம் மட்டும் செய்யவில்லை. அவளுக்குச் சோறும் போடவில்லை.

சொத்து மொத்தம் ஏறக்குறைய 14 தாலந்து. ஒரு தாலந்து 60 மினா, ஒரு மினா 100 டிராக்மா, கைத்தொழில் தெரிந்தவனின் ஒரு நாள் கூலி சுமாராக ஒரு டிராக்மா என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு என்று புரியும். கத்தி செய்யும் பட்டறையில் முப்பத்திரண்டு முப்பத்துமூன்று அடிமைகள், வருடத்துக்குச் செலவு போக 30 மினா வருமானம். கட்டில் செய்கிற இருபது பேர், அதில் 12 மினா. இது தவிர தந்தம், இரும்பு, வட்டிக்கு விட்ட பணம். பத்து வருடம் கழித்துப் பையன் கையில் வந்தது வீடு, 14 அடிமைகள், 30 மினா ரொக்கம், ஆக 70 மினா. பன்னிரண்டில் ஒரு பங்கு! இரண்டு பட்டறைகளின் வருமானம் மட்டுமே பத்து வருடத்தில் 420 மினா வந்திருக்க வேண்டும். (அந்த ஐம்பது அடிமைகளுக்கு வழக்குப் போட யாரும் இல்லை, அதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.)

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் வேறு. பையனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களின் சம்பளத்தைக்கூட அபோபஸ் கொடுக்காமல் அமுக்கிவிட்டானாம். பெரிய தொகையைத் திருடுகிறவனைப் புரிந்துகொள்ளலாம், வாத்தியார் கூலியில் கைவைக்கிறவனை என்ன சொல்வது?

சரி, உயிலை ஒளித்துவிட்டார்கள், அப்புறம் எப்படி நிரூபிப்பது? இங்கேதான் பையனின் சாமர்த்தியம். போர்க்கால வரிக்காக அவன் பெயரைப் பதிந்தது அந்தப் பாதுகாவலர்களேதான், அதுவும் 15 தாலந்துக்கு 3 தாலந்து என்ற உச்ச விகிதத்தில், தளபதி கோனனின் மகன் திமோத்தியஸ் போன்ற பெரிய மனிதர்கள் வரிசையில். அரசாங்கத்திடம் பணக்காரன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தில் ஏழை என்றால் எப்படி? அபோபஸ் வேறொரு கதை விட்டான், உன் அப்பா நாலு தாலந்தை மண்ணில் புதைத்து உன் அம்மாவைக் காவல் வைத்தார் என்று. அவ்வளவு பணம் அவளிடம் இருந்தால் அவளைக் கட்டாமல் ஏன் விட்டாய் என்று பையன் திருப்பிக் கேட்டான்.

இதையெல்லாம் அவன் தானாகப் பேசிவிடவில்லை. சொத்து வழக்குகளில் கெட்டிக்காரரான இசாயஸிடம் தொழில் பழகினான், ஆகவே முதலில் கேட்ட அந்தத் தொழில் பழகுகிற பையன் இவனேதான். கி.மு. 364-இல் வழக்கு. கேட்டது 10 தாலந்து. ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூட விழாமல் தோற்றால் தண்டமாக 100 மினா கட்ட வேண்டும், கையில் இருந்ததோ 70. விசாரணைக்கு மூன்று நான்கு நாள் இருக்கும்போது எதிர்த்தரப்புக்கு வேண்டிய ஒருவன், என் மேல் விழுந்த போர்க்கப்பல் செலவை நீ ஏற்றுக்கொள், இல்லையென்றால் உன் சொத்தை என் சொத்தோடு மாற்றிக்கொள் என்று சவால் விட்டான். மாற்றினால் வழக்கும் சேர்ந்து போய்விடும். பையன் 20 மினா கட்டித் தப்பித்தான்.

ஜெயித்தான். முழு 10 தாலந்தும் தீர்ப்பானது. (நமக்குக் கிடைத்திருப்பது அவன் பக்கத்துப் பேச்சு மட்டும், அதை மறக்கக்கூடாது.)

ஆனால் காசு? நிலத்தைக் கைப்பற்றப் போனால் அபோபஸின் மச்சினன் ஒனெட்டர் வழிமறித்து விரட்டினான். என் தங்கையை அபோபஸ் விவாகரத்து செய்தாகிவிட்டது, அவளுடைய வரதட்சணை திரும்பி வரவில்லை, அதனால் இது எனக்கு அடமானம் என்றான். அடமானக் கல்லே நட்டிருந்தான், நிலத்துக்கு ஒரு தாலந்து, வீட்டுக்கு 2000 டிராக்மா. பிறகு வீட்டுக் கல்லை மட்டும் பிடுங்கிவிட்டு வரதட்சணை ஒரு தாலந்துதான் என்றான். அந்த விவாகரத்தே நாடகம் என்றான் பையன்: விவாகரத்தான அந்தப் பெண் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அபோபஸ், பார்த்துச் சாட்சி சொன்னவர் அவளுக்கு வைத்தியம் செய்தவர்.

அபோபஸ் மெகராவுக்குக் குடிபோய்விட்டான். பையனால் சொத்தில் ஒரு சிறு பங்கைக்கூடத் திரும்ப வாங்க முடியவில்லை என்று பழைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். அப்புறம் டெமாஸ்தனிஸ் அடுத்தவர்களுக்குக் கூலிக்கு வழக்குரை எழுத ஆரம்பித்தார்.